காப்பும் ஈடும்

நுழையும்முன்

நோய் எவருடைய வீட்டுக்கதவையும் சொல்லிவிட்டுத் தட்டுவதில்லை. உழைத்துச் சேர்த்த பொருளையும், பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தையும், சில வேளைகளில் காணி நிலத்தையும் அது ஒரே வாரத்தில் கரைத்துவிடும். மருத்துவம் வளர்ந்துள்ளது; அதன் செலவும் வளர்ந்துள்ளது. அச்செலவைத் தனிக்குடும்பம் ஒன்று தன் தோளில் மட்டும் சுமக்கவேண்டுமா? பலர் சேர்ந்து சுமக்க வழியுண்டா? இவ்வினாக்களுக்கு மனிதகுலம் கண்ட விடைகளுள் ஒன்றே மருத்துவக் காப்பீடு. அதன் இயல்பையும் பயனையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாவட்டம், மூன்று குடும்பங்கள்

கடலூர் மாவட்டம் உழவும் தொழிலும் கைகோத்து நிற்கும் மண். கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் அமைந்துள்ள நெல்லிக்குப்பம் கரும்புக்கும் சர்க்கரைக்கும் பெயர்பெற்ற நகரம். 1842ஆம் ஆண்டிலேயே பாரி நிறுவனம் இங்குச் சர்க்கரை ஆலையை நிறுவியது. அதே மாவட்டத்தில் உள்ள நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகரியமும் அதனைத் தொடர்ந்து எழுந்தன.

இம்மாவட்டத்தில் வாழும் மூன்று குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். முதற்குடும்பத்தின் தலைவர் நெய்வேலிச் சுரங்கத்தில் நிரந்தரப் பணியாளர். அவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் மருத்துவம் அளிக்க நகரியத்திலேயே நிறுவனத்தின் பொது மருத்துவமனை உண்டு. இரண்டாம் குடும்பத்தின் தலைவி கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஆலையொன்றில் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிகிறார். அவருடைய சம்பளத்தில் ஒரு சிறுபகுதி தொழிலாளர் அரசுக் காப்பீட்டிற்காகப் பிடிக்கப்படுகிறது. மூன்றாம் குடும்பத்தின் தலைவர் நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள வயல்களில் கரும்பு வெட்டும் தொழிலாளர். அவருக்கு நிலையான முதலாளி இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. வெட்டு உள்ள நாளில் கூலி. இல்லாத நாளில் வெறுங்கை.

மூவருக்கும் ஒரே நாளில் நெஞ்சுவலி வருவதாகக் கொள்ளலாம். நோய் ஒன்றே. ஆயினும், மருத்துவமனை வாயிலை அடையும்போது அவர்தம் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றாக இருப்பதில்லை. முதலிருவரும் மருத்துவர் என்ன சொல்வார் என்று கவலை கொள்வர். மூன்றாமவர், தம்மிடம் காப்பீட்டு அட்டை ஏதும் இல்லையெனில், எவ்வளவு ஆகும் என்று கவலை கொள்வார். இந்த இரு கவலைகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே மருத்துவக் காப்பீட்டின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

காப்பீடு என்பது காப்பு, ஈடு என்னும் இரு சொற்களின் சேர்க்கை. காப்பு என்பது தீங்கு அணுகாமல் காத்தல். ஈடு என்பது நேர்ந்த இழப்பைச் சரிசெய்தல். நோய் வராமல் தடுக்கும் ஆற்றல் எந்தக் காப்பீட்டிற்கும் இல்லை. ஆனால், நோயால் விளையும் பொருளிழப்பை அது ஈடுசெய்கிறது. அவ்வாறு ஈடுசெய்வதன் வாயிலாகக் குடும்பத்தைக் காக்கிறது.

காப்பீடு பெறுவோர் ஆண்டுதோறும் செலுத்தும் சிறுதொகை பிரீமியம் எனப்படும். அதற்கு ஈடாக, மருத்துவச் செலவில் குறிப்பிட்ட உச்சவரம்பு வரை காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அவ்வுச்சவரம்பே காப்பீட்டுத் தொகை. இருவரிடையே ஏற்படும் இவ்வொப்பந்தத்தின் எழுத்து வடிவம் பாலிசி என்று வழங்கப்படுகிறது. அரசுத் திட்டங்களில் பிரீமியத்தை மக்களுக்காக அரசே செலுத்துகிறது.

மொய்யும் சீட்டும் காப்பீடும்

பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒருவரின் பெருஞ்சுமையைக் குறைக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. திருமண வீட்டில் மொய் எழுதும் வழக்கத்தில் அம்முறை காணப்படுகிறது. திருமணச் செலவு ஒரு குடும்பத்திற்கு ஒரே நாளில் வந்து சேர்கிறது. உற்றாரும் ஊராரும் ஆளுக்குச் சிறிது தந்து அச்செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர். பெற்றவர், பின்னர்ப் பிறர் வீட்டு விழாவில் திருப்பிச் செய்கிறார்.

சீட்டுக் கட்டும் வழக்கமும் இத்தகையதே. இருபது பேர் மாதந்தோறும் சேர்க்கும் பணம் முறைவைத்து ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது. ஆனால், சீட்டிற்கும் காப்பீட்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சீட்டில் கட்டிய பணம் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை திரும்புகிறது. காப்பீட்டிலோ நோயுற்றவருக்கே பயன் சேர்கிறது. நலமாக இருந்தவர் செலுத்திய பணம் திரும்புவதில்லை. இதனை அறியாத பலர், “நோயே வரவில்லை, கட்டிய பணம் வீண்” என்று வருந்துவதுண்டு. அவ்வருத்தம் பொருளற்றது. இரவெல்லாம் விழித்துக் காவல் புரிந்தவரின் கூலி, திருடன் வரவில்லை என்பதனால் வீணாகிவிடுவதில்லை. அந்த இரவின் நிம்மதியே அக்கூலிக்குக் கிடைத்த பயன்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் ஊரில் 1000 குடும்பங்கள் வாழ்வதாகவும், ஆண்டுதோறும் அவற்றுள் 20 குடும்பங்களில் ஒருவர் மருத்துவமனையில் சேரநேர்வதாகவும், ஒவ்வொருவர்க்கும் 50,000 ரூபாய் செலவாவதாகவும் கொள்க. மொத்தச் செலவு 10 இலட்சம் ரூபாய். தனித்தனியே ஏற்பின், 20 குடும்பங்கள் கடனில் மூழ்கும். 1000 குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் பங்கு 1000 ரூபாய். நிருவாகச் செலவிற்கென மேலும் சிறிது சேரும். அந்த இருபது குடும்பங்கள் எவை என்பது ஆண்டின் தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. அறியாமையில் அனைவரும் சமம் என்பதே அனைவரும் பங்களிப்பதற்கான நியாயம்.

இக்கணக்கில் மற்றோர் உண்மையும் உள்ளது. நோய் வந்தபின் மட்டும் சேர்வோம் என்று நலமுடையோர் விலகிநின்றால், நோயுற்ற 20 குடும்பங்களே எஞ்சும். பங்கு 1000 ரூபாயாக இராது, 50,000 ரூபாயாகிவிடும். ஆகவே, நலமாக இருக்கும்போதே சேர்வது தன்னலமும் பொதுநலமும் ஒன்றுகூடும் செயலாகும்.

நெடிய மரபு

மருத்துவச் செலவு நோயாளியின் தனிச்சுமை அன்று; அது பொதுப்பொறுப்பு என்னும் எண்ணம் தமிழக வரலாற்றில் பழமையானது. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோவிலில் உள்ள வீரராசேந்திர சோழரின் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், இருப்பில் வைக்கப்பட்ட மருந்துகள் ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. நிவந்தமாக அளிக்கப்பட்ட வருவாயே அச்சாலையை நடத்தியது.

பயன்பெறுவோரே பங்களித்து நடத்தும் காப்பீட்டுமுறை தொழிலாளரிடையே வளர்ந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை அகழும் மாபெரும் சக்கர எந்திரங்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் உருவானவை. அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள், இடைக்காலத்திலேயே தமக்குள் நிதி திரட்டி, நோயுற்ற தோழர்க்கும் இறந்தோரின் குடும்பத்திற்கும் உதவி வந்தனர். மண்ணுக்கடியில் உழைப்போர்க்கு இடர் எவருக்கு எப்போது நேரும் என்பது தெரியாது என்பதால், பகிர்ந்துகொள்ளும் அறம் அவர்களிடம் முதலில் வேரூன்றியதில் வியப்பில்லை. 1883ஆம் ஆண்டு, பிஸ்மார்க் காலத்தில், ஜெர்மனி நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. அதன்படி, பங்களிப்பில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தது. 1948ஆம் ஆண்டு முதல் வரிப்பணத்தைக் கொண்டு மக்கள் அனைவருக்கும் அரசே மருத்துவம் அளிக்கும் அமைப்பை நடத்திவருகிறது. வழிகள் வேறாயினும், நோயாளியைத் தனியே விடுவதில்லை என்னும் கொள்கை இரண்டிற்கும் பொது.

தொழிலாளர்க்கு ஒரு கவசம்

விடுதலை பெற்ற இந்தியா இயற்றிய முதன்மையான சமூகப் பாதுகாப்புச் சட்டங்களுள் ஒன்று, 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். அதன்வழி அமைந்த திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது. பின்னர், தமிழகத்தின் தொழில் நகரங்களுக்கும் விரிந்தது.

இத்திட்டத்தில் தொழிலாளர் தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்தும் முறை 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 10,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் 75 ரூபாய் செலுத்துவார். முதலாளி 325 ரூபாய் செலுத்துவார். இச்சிறுதொகைக்கு ஈடாகத் தொழிலாளர்க்கும் குடும்பத்தினர்க்கும் மருத்துவம் கிடைக்கிறது. உரிய தகுதிக்காலத்தை நிறைவுசெய்தவர் நோயால் வேலைக்குச் செல்ல இயலாதபோது, ஆண்டிற்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகையாக வழங்கப்படுகிறது. மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் முழு ஊதியம் கிடைக்கிறது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். நோய் ஏழைக் குடும்பத்தை இருமுறை தாக்குகிறது. முதலில் மருத்துவச் செலவாகவும், பின்னர் இழந்த கூலியாகவும் அது வருகிறது. பெரும்பாலான காப்பீடுகள் முதல் தாக்குதலை மட்டுமே தடுக்கின்றன. தொழிலாளர் அரசுக் காப்பீடு இரண்டையும் தடுக்கிறது என்பதே அதன் தனிச்சிறப்பு.

தெரிந்து தெளிவோம்

மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டு சென்னையில் தன்னார்வ நலவாழ்வுச் சேவை என்னும் அமைப்பை நிறுவினார். குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தி மருத்துவம் பெறும் முறையை அவ்வமைப்பு நடத்திக்காட்டியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1992ஆம் ஆண்டு முதல் பழங்குடி மக்கள் தம் சங்கத்தின் வாயிலாகக் காப்பீடு பெற்று, தமக்கென அமைந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். எளியோர் காப்பீட்டில் சேரமாட்டார் என்னும் எண்ணத்தை இவ்விரு முயற்சிகளும் மாற்றின.

முதலாளி இல்லாதோர்க்கு யார் துணை?

சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்தும் காப்பீடு, சம்பளம் பெறுவோர்க்கே பொருந்தும். கரும்பு வெட்டுவோர், நெசவாளர், மீனவர், கட்டடத் தொழிலாளர், தெருவோர வணிகர் ஆகியோர்க்கு அது எட்டாது. நாட்டின் உழைப்பாளருள் பெரும்பான்மையோர் இத்தகையோரே. அவர்களைக் காப்பீட்டிற்குள் கொணர்வது நெடுங்காலம் விடைகாணா வினாவாகவே இருந்தது.

2003ஆம் ஆண்டு கருநாடகம் கூட்டுறவுச் சங்க உழவர்களுக்காக யசஸ்வினி திட்டத்தைத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டு ஆந்திரம் ஆரோக்கியசிறீ திட்டத்தை ஏற்படுத்தியது. தமிழகத்தில் 2009 ஜூலை 23 அன்று, உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகளில் ஓர் இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் என வரம்பு உயர்ந்தது. சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் - பிரதமர் மக்கள் நலவாழ்வுத் திட்டத்துடன் இத்திட்டம் இணைக்கப்பட்டது. அதன்பின் வரம்பு ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது.

தொடக்கத்தில், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் மட்டுமே இதில் சேரலாம் என்றிருந்தது. பின்னர் அவ்வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம நிருவாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகினால் பதிவுசெய்துகொள்ளலாம். குடும்பம் பிரீமியம் ஏதும் செலுத்தவேண்டியதில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இத்திட்டத்தில் இணைந்துள்ளன. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகச் செயலிழப்பிற்கான குருதிச் சுத்திகரிப்பு, செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கான செவிச்சுருள் பொருத்துதல் முதலிய செலவுமிக்க சிகிச்சைகள் இதில் அடங்கும். தனியார் மருத்துவமனைகளோடு அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அரசு மருத்துவமனை இத்திட்டத்தின்கீழ்ச் சிகிச்சை அளிக்கும்போது அதற்கும் காப்பீட்டுத் தொகை கிடைக்கிறது. அத்தொகை மருத்துவமனையின் வசதிகளைப் பெருக்க உதவுகிறது.

பயன்கள்

மருத்துவக் காப்பீட்டின் முதற்பயன், காலத்தில் கிட்டும் சிகிச்சை. நெஞ்சுவலி தோன்றியபின் ஒவ்வொரு மணித்துளியும் இதயத் தசைகளின் உயிரை முடிவுசெய்கிறது. பணம் புரட்டும்வரை காத்திருக்கும் குடும்பம், அந்த மணித்துளிகளை இழக்கிறது. “வாயுப்பிடிப்பாக இருக்கும்” என்று தம்மையே தேற்றிக்கொண்டு கசாயம் குடித்துப் படுப்பவர் பலர். அவர்கள் அஞ்சுவது நோய்க்கன்று, செலவுக்கே. செலவைப் பற்றிய அச்சம் நீங்கும்போது, மருத்துவரை நாடும் கால்கள் விரைகின்றன.

இரண்டாம் பயன், கடனிலிருந்து விடுதலை. திடீரென வரும் மருத்துவச் செலவிற்குக் குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன, கைமாற்று வாங்குகின்றன, அதுவும் போதாதபோது கந்துவட்டியை நாடுகின்றன. நோய் பத்து நாளில் தீர்ந்துவிடும். கடன் பத்தாண்டு நிற்கும். தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிடும் பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22ஆம் ஆண்டில் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. அரசின் செலவு உயர்ந்ததும் காப்பீடு பரவியதும் இம்மாற்றத்தின் காரணங்களுள் அடங்கும்.

மூன்றாம் பயன், கல்வி காக்கப்படுதல். நோயுற்ற தந்தையின் இடத்தை நிரப்பப் பள்ளியை விட்டு நிற்பவர் பெரும்பாலும் மூத்த பிள்ளையே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விற்கு அணியமாகும் மாணவியின் புத்தகப்பை, ஒரு மருத்துவமனை இரசீதினால் மூடப்பட்டுவிடக்கூடும். நகையை மீட்கலாம்; நிலத்தையும் மீண்டும் வாங்கலாம்; விட்டுப்போன படிப்பைப் பலரால் மீட்க முடிவதில்லை. ஆகவே, தந்தையின் பெயரில் உள்ள காப்பீட்டு அட்டை மகளின் கல்விக்கும் காப்பாகிறது.

நான்காம் பயன், சேமிப்பு நிலைபெறுதல். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2011ஆம் ஆண்டின் தானே புயலையும் கண்டது கடலூர் மாவட்டம். முந்திரியும் பலாவும் கரும்பும் ஒரே இரவில் சாய்ந்ததைக் கண்ட உழவர்க்குச் சேமிப்பின் அருமை தெரியும். இயற்கையின் சீற்றத்திற்கென வைத்த சேமிப்பை நோய் எடுத்துச் செல்லாமல் காப்பீடு தடுக்கிறது.

அறியவேண்டிய நெறிமுறைகள்

அரசுத் திட்டத்தின் வருமான வரம்பிற்கு மேற்பட்டோரும் தொழிலாளர் காப்பீட்டில் இடம்பெறாதோரும் காப்பீட்டு நிறுவனங்களிடம் பாலிசி பெறுகின்றனர். அவர்கள் சில நெறிமுறைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, உண்மை உரைத்தல். விண்ணப்பத்தில் சர்க்கரை நோய், குருதி அழுத்தம், முன்பு செய்த அறுவை முதலியவற்றை மறையாமல் குறிப்பிடவேண்டும். பிரீமியம் கூடும் என்றஞ்சி மறைத்தால், பின்னர்க் கோரிக்கை மறுக்கப்பட அதுவே காரணமாகும். முகவர் நிரப்பிய படிவமாயினும், கையொப்பமிடுமுன் அதனைப் படித்துப் பார்ப்பது கடமை.

இரண்டாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுக்குமுன்பே உள்ள நோய்களுக்கு உடனே பயன் கிடைக்காது. அக்காலம் மூன்றாண்டுகளுக்கு மிகக்கூடாது என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024ஆம் ஆண்டு வரையறுத்தது. இளமையிலேயே காப்பீடு பெறுவோர், நோய் அணுகும் வயதிற்கு முன்பே இக்காத்திருப்பைக் கடந்துவிடுகின்றனர்.

மூன்றாவது, சிகிச்சை பெறும் முறை. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவமனையில், கையிலிருந்து பணம் செலுத்தாமலே சிகிச்சை பெறலாம். அதற்கான முன்அனுமதிக் கோரிக்கையின்மீது ஒரு மணிநேரத்திற்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதியின்மீது மூன்று மணிநேரத்திற்குள்ளும் முடிவுசெய்ய வேண்டும் என்பது ஆணையத்தின் நெறி. பிற மருத்துவமனைகளில் பணம் செலுத்திவிட்டு, இரசீதுகளைக் காட்டித் திரும்பப் பெறவேண்டும். ஆதலால், மருந்துச் சீட்டு முதல் ஆய்வக அறிக்கை வரை ஒவ்வொரு தாளையும் பேணிவைத்தல் வேண்டும்.

நான்காவது, விலக்குகளும் வரம்புகளும். அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, செலவில் ஒரு பகுதியை நோயாளி ஏற்கவேண்டுமா, எந்தச் சிகிச்சைகள் அடங்கா என்பனவற்றைப் பாலிசியில் காணலாம். பெற்ற பாலிசி பொருந்தாது எனக் கருதினால், 30 நாள்களுக்குள் அதனைத் திருப்பியளிக்கும் உரிமையும் உண்டு.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதுவோர் முதலில் நிறுவனத்திடம் எழுத்துவழி முறையிடவேண்டும். அங்குத் தீர்வு கிட்டாதபோது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவருடைய அலுவலகம் சென்னையில் உள்ளது. முறையீட்டிற்குக் கட்டணம் இல்லை.

தெரியுமா?

தனிநபரும் குடும்பத்தினரும் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வசூலிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அவ்வரி நீக்கப்பட்டது.

காப்பீட்டின் எல்லை

எல்லா நோய்க்கும் காப்பீடே மருந்து என எண்ணுதல் பிழை. பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பயன்படுகின்றன. சர்க்கரை நோயாளி மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கும், காய்ச்சலுக்கு மருத்துவரைக் காணும் செலவிற்கும் அவை உதவுவதில்லை. ஆனால், குடும்பத்தின் கையிருப்பை மெல்ல மெல்ல அரிப்பவை இச்சிறுசெலவுகளே.

இவ்விடத்தில்தான் அரசின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் இன்றியமையாதவை ஆகின்றன. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை நோய்க்கும் குருதி அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. காப்பீட்டு அட்டை உள்ளவரா, இம்மாநிலத்தவரா என்னும் வினா அங்கு எழுவதில்லை.

குருதி அழுத்தத்தை நாள்தோறும் ஒரு மாத்திரையால் அடக்கிவைத்தால், பல இலட்சம் ரூபாய் செலவாகும் சிறுநீரகச் சிகிச்சை தேவைப்படாமலே போகலாம். தடுப்பூசி, தூய குடிநீர், சத்துணவு, காலமுறைப் பரிசோதனை ஆகியவை காப்பு. காப்பீட்டுத் தொகை ஈடு. முன்னதை மறந்து பின்னதை மட்டும் நாடும் சமுதாயம், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் செயலையே செய்யும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து நோக்கினால்

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் 41 விழுக்காட்டினவற்றில்தான் உறுப்பினர் ஒருவருக்கேனும் மருத்துவக் காப்பீடு இருந்தது. தமிழகத்தில் அந்நிலை நாட்டின் சராசரியைவிட மேம்பட்டது. ஆயினும், அட்டை பெற்ற அனைவரும் அதனைப் பயன்படுத்த அறிந்தவர் அல்லர். பெட்டிக்கடியில் கிடக்கும் அட்டை, திருமணமாகிச் சென்ற மகளின் பெயரைத் தாங்கியும் பிறந்த பேரனின் பெயரை விட்டும் இருக்கக்கூடும். எந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளது என்பது நோய் வந்தபின் தேடும் செய்தியாக இருத்தல் ஆகாது.

இந்த இடைவெளியை நிரப்ப வல்லோர் படித்த இளையோரே. கரும்பு வெட்டும் தந்தைக்கு வருமானச் சான்று பெறவும், அட்டையில் பெயர்களைச் சரிபார்க்கவும், பாலிசியின் நுண்ணெழுத்துகளைப் படித்து விளக்கவும் வீட்டில் உள்ள மேல்நிலை வகுப்பு மாணவரால் இயலும். ஒரு பிற்பகல் போதும் அதற்கு.

அவ்வாறு செய்த வீட்டில், நெஞ்சுவலி வரும் இரவில் ஊர்தி அழைக்கப்படும். அடகுக்கடை திறக்கும்வரை எவரும் காத்திருக்கமாட்டார். மூன்றாம் குடும்பத்தின் தலைவரும் மற்ற இருவரைப் போலவே, மருத்துவர் என்ன சொல்வார் என்பதை மட்டும் எண்ணியபடி மருத்துவமனைக்குள் நுழைவார். மகள் மறுநாள் பள்ளிக்குச் செல்வாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலும் அண்டை வீடுகளிலும் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களைக் கண்டறிந்து, அட்டையில் உள்ள பெயர்கள் சரியாக உள்ளனவா எனச் சரிபார்க்க உதவுக.

2. உங்கள் ஊருக்கு அருகில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ள மருத்துவமனைகளின் பட்டியலைத் திரட்டி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. “நோய் வராவிட்டால் காப்பீட்டுக்குச் செலுத்திய பணம் வீண்” - இக்கூற்றின்மீது வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.